குலக்கல்வி போயிற்று, பணக்கல்வி வந்தது!

மாலை மயங்கி இருள் கவியும் நேரம். கடற்கரையிலிருந்து புறப்பட்ட மின்தொடர்வண்டி தாம்பரம் நிலையத்திலே வந்து நிற்கிறது. இறங்குகிறது மக்கள் வெள்ளம். துணிக்கடைப் பணியாளர், அச்சகத் தொழிலாளி, மருத்துவமனைச் செவிலி, கணிப்பொறி நிறுவனத்தின் வாயிற்காவலர் என உழைத்துக் களைத்த முகங்கள். அவர்களுக்கிடையே ஒரு தந்தை. கையிலே சோற்றுத் தூக்கு. சட்டைப் பையிலே மடித்து வைத்த மூன்று விண்ணப்பத் தாள்கள். மூன்றும் மூன்று பள்ளிகளுடையவை. ஒன்று சேலையூர்ப் பக்கம், ஒன்று சிட்லபாக்கம், மற்றொன்று முடிச்சூர்ச் சாலை.

வீடு சேருகிறார். காத்திருக்கிறாள் மனைவி. பிள்ளை உறங்கிவிட்டது. விளக்கடியிலே அமர்ந்து கூட்டுகின்றனர், கழிக்கின்றனர். வாடகை இவ்வளவு, அரிசி பருப்பு இவ்வளவு, ஊரிலுள்ள தாய்க்கு மருந்து இவ்வளவு. எஞ்சி நிற்கும் தொகைக்குள் அடங்கும் பள்ளி எது?

"சேலையூர்ப் பள்ளி நமக்கு எட்டாது. சேரும்போதே ஒரு தொகை கேட்கிறார்கள், அதற்குச் சீட்டும் கிடையாதாம்" என்கிறார் தந்தை.

"முடிச்சூர்ப் பள்ளியிலே கட்டணம் குறைவுதான். ஆனால் வேன் பணத்தைச் சேர்த்துப் பாருங்கள், அதுவும் அங்கேதான் வந்து நிற்கிறது" என்கிறாள் தாய்.

"உன் கழுத்துச் சங்கிலி..."

"அது போன ஆண்டு மூத்தவனுக்காகப் போனது, இன்னும் திரும்பவில்லை."

பேச்சு நிற்கிறது. பெருமூச்சு எழுகிறது. மறுபடியும் கூட்டல், மறுபடியும் கழித்தல்.

அவர்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு பள்ளி இருக்கிறது. கட்டணம் இல்லை. புத்தகம் இலவசம். சீருடை இலவசம். காலையிலே சிற்றுண்டி, நண்பகலிலே உணவு. முறையாகப் பயிற்சி பெற்று, தகுதித் தேர்வுகளைத் தாண்டி வந்த ஆசிரியர்கள். நடந்து சென்றால் ஐந்து நிமிடம். அந்தப் பள்ளியைப் பற்றி மட்டும் அந்த விளக்கடியிலே ஒரு சொல்லும் எழவில்லை. அது அரசினர் பள்ளி!

ஏன் எழவில்லை? இந்தக் கேள்விக்கு விடை காணவே இதனை எழுதுகிறோம்.

* * *

தாம்பரமும் அதனைச் சூழ்ந்த புறநகரும் உழைப்பவரின் ஊர். 1931இலே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937இலே கிறித்துவக் கல்லூரி நகரத்தின் நெருக்கடியை விட்டு இங்கே குடியேறியது. 1984இலே ஏற்றுமதித் தொழில் வளாகம் எழுந்தது. நகரத்தின் நடுவே வாடகை ஏற ஏற, கூலியையும் மாத ஊதியத்தையும் நம்பி வாழ்வோர் தெற்கு நோக்கி நகர்ந்தனர். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஊர் நீண்டது. 2021 நவம்பரிலே ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று, வட்டங்கள் 70. 2023 டிசம்பரிலே கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது.

ஏரிக்கரை வீட்டுமனை ஆயிற்று. வயல் அடுக்குமாடி ஆயிற்று. மக்கள் பெருகிய வேகத்திலே பெருகிய மற்றொன்றும் உண்டு. அது பள்ளி விளம்பரப் பலகை. மின்கம்பத்திலே பலகை, ஆட்டோவின் முதுகிலே பலகை, மேம்பாலத்தின் தூணிலே பலகை. நர்சரி, மெட்ரிகுலேஷன், சி.பி.எஸ்.இ., இன்டர்நேஷனல் என்று வகைவகையாகப் பெயர்கள். சட்டை கசங்காத சிறுவன் ஒருவன் எல்லாப் பலகையிலும் சிரிக்கிறான். அவன் சிரிப்புக்கு என்ன விலை என்பது மட்டும் எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை.

ஒன்றியப் புள்ளியியல் துறை 2025இலே இந்தியா முழுவதும் நடத்திய கல்விச் செலவு ஆய்வு ஒன்று கூறுகிறது: அரசுப் பள்ளியிலே பயிலும் ஒரு மாணவனுக்கு ஓராண்டில் குடும்பம் செலவிடும் சராசரித் தொகை 2,863 ரூபாய்; ஏனைய பள்ளிகளிலே பயிலும் மாணவனுக்கு 25,002 ரூபாய். ஏறத்தாழ ஒன்பது மடங்கு! இது நாடு தழுவிய சராசரி. சிற்றூரும் குக்கிராமமும் சேர்ந்த கணக்கு. பெருநகரத்தின் புறநகரிலே இந்தத் தொகை எங்கே ஏறி நிற்கும் என்பதைப் பெற்றோரே அறிவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திங்களுக்கு 20,000 ரூபாய் ஈட்டும் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருவாய் 2,40,000. வாடகை திங்களுக்கு 7,000 என்றால் ஆண்டுக்கு 84,000. இரண்டு பிள்ளைகள், கட்டணம், புத்தகம், சீருடை, காலணி, வேன் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 40,000 என்றால் 80,000. எஞ்சுவது 76,000. அதாவது திங்களுக்கு 6,333 ரூபாய். நான்கு உயிர்கள் உண்ண, உடுக்க, நோயுற்றால் மருந்து வாங்க, வேலைக்குச் சென்றுவர இதுதான்! இந்தத் தொகையிலே வாழ முடியுமா? முடியாது. ஆகவே நகை அடகுக் கடைக்குப் போகிறது. நகை தீர்ந்தபின் கந்துவட்டிக்காரன் வீட்டுக்கு வருகிறான்.

பெற்றோரை நாம் எள்ளவில்லை. தான் படிக்காத படிப்பைத் தன் பிள்ளை படிக்கவேண்டும் என்று துடிப்பது இந்த நாட்டின் மிக உயர்ந்த துடிப்பு. நூற்றாண்டுகளாக எழுத்து மறுக்கப்பட்ட மக்களின் பேரன்கள், சோற்றைக் குறைத்துக்கொண்டாவது எழுத்தை வாங்குவோம் என்கின்றனர். அந்தத் துடிப்பை வணங்குகிறோம். அதை முதலாகப் போட்டு வாணிபம் நடத்துவோரைத்தான் சாடுகிறோம்.

* * *

"எல்லாப் பள்ளியும் கொள்ளையடிப்பதில்லை; குறைந்த கட்டணத்திலே நடத்தும் பள்ளிகளும் உண்டு; தேடினால் கிடைக்கும்" என்பர் சிலர். தேடித்தான் பார்ப்போம்.

சந்தையிலே கத்தரிக்காய் மலிவு என்றால் விளைச்சல் மிகுதி என்று பொருள். கல்வியிலே மலிவு என்றால் என்ன பொருள்? பிள்ளைக்கு ஆசிரியர் வேண்டும், காற்றோட்டமான அறை வேண்டும், குடிநீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், ஓடியாட மண் வேண்டும். இவை எதுவும் மலிவாக விளைவதில்லை. கட்டணமும் குறைய வேண்டும், உரிமையாளரின் ஆதாயமும் குறையக்கூடாது என்றால், எதையாவது வெட்டித்தானே தீரவேண்டும்? முதல் வெட்டு ஆசிரியரின் ஊதியத்திலே விழுகிறது. அடுத்த வெட்டு பிள்ளையின் பாதுகாப்பிலே விழுகிறது.

பிறர் சொல்லக் கேட்டு இதனை எழுதவில்லை நாம். பட்டம் பெற்று வெளிவந்த முதலாண்டிலே, இந்தப் புறநகரின் பள்ளி ஒன்றிலே நாமும் சுண்ணக்கட்டி பிடித்தவர்தாம். கையெழுத்திட்ட தொகை ஒன்று. கைக்கு வந்த தொகை வேறொன்று. ஏப்ரல் முடிந்தால் ஊதியமும் முடியும். சூனிலே மறுபடி அழைத்தால்தான் வேலை உண்டு. இடையிலுள்ள மே திங்களிலே, கொளுத்தும் வெயிலிலே, துண்டுத்தாள்களைக் கையிலே கொடுத்துத் தெருத்தெருவாக அனுப்பினர், பிள்ளை பிடிக்க! "எங்கள் பள்ளியிலே சேருங்கள்" என்று கதவு கதவாகத் தட்டினோம். கதவைத் திறந்த தாய்மார் எங்களையும் விற்பனையாளர் என்றே எண்ணினர். தவறாக எண்ணவில்லை. எங்களை அப்படித்தான் ஆக்கியிருந்தனர்.

ஓராண்டு நின்று, நல்ல வேலை கிடைத்ததும் ஓடிவிடும் ஆசிரியரிடம் பிள்ளை என்ன கற்கும்? பிள்ளையின் பெயரை அவர் மனத்திலே இருத்துவதற்குள் அவர் இடம் மாறிவிடுகிறார். வகுப்பறைக்குள்ளே வருவது கல்வியன்று, பாடப்புத்தகத்தின் ஒப்பிப்பு. மாலையிலே அதற்கென்று தனிப்பயிற்சி, அதற்கும் தனிக்கட்டணம். மலிவின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் அது கடைசியிலே விலையின் வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறது!

பாதுகாப்பின் கதை இன்னும் கொடிது. 2004 சூலை 16. கும்பகோணம். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளைத் திணித்திருந்தனர். மேலே ஓலைக்கூரை, இறங்க ஒரு குறுகிய படிக்கட்டு. தீ பற்றியது. 94 பிஞ்சுகள் கரிந்தன. நாடே அழுதது. எட்டாண்டுகள் கழிந்தன. 2012 சூலை 25. இடம் இதே தாம்பரம் வட்டாரம், முடிச்சூர் அருகே. பள்ளியிலிருந்து வீடு திரும்பிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே கீழே விழுந்து, அந்தப் பேருந்தின் சக்கரத்துக்கே இரையானாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று தரப்பட்டிருந்தது! உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. அதன் பின்னரே பள்ளி ஊர்திகளுக்கென்று தனி விதிகள் அந்த ஆண்டே வந்தன. கூரைக்கு விதி வர 94 உயிர். பேருந்துத் தரைக்கு விதி வர ஓர் உயிர். இனி எதற்கு எத்தனை என்று காத்திருப்பதா?

இவை குறைந்த கட்டணப் பள்ளிகளுக்கு மட்டுமே உரிய குற்றங்கள் என்று கூறவில்லை. பெருங்கட்டணம் வாங்கும் மாளிகைப் பள்ளியிலும் குற்றம் உண்டு. நாம் கூறுவது இதுதான்: பள்ளியை வரவுசெலவுக் கணக்கு ஆளத் தொடங்கினால், கணக்கிலே முதலில் கழிக்கப்படுவது பேச வாயற்ற உயிர்தான். பிள்ளைக்கு வாயில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சும் ஆசிரியருக்கும் வாயில்லை.

* * *

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது.

2009ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலே தனியார் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கோவிந்தராசன் தலைமையிலே முதற்குழு அமைந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 2010இலே கட்டணம் வரையறுக்கப்பட்டது. வரையறுத்ததற்கு மேல் வாங்கினால் சிறை என்றுகூட அந்தச் சட்டம் கூறுகிறது. அதே 2009ஆம் ஆண்டு ஒன்றிய அரசு இயற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ, நன்கொடை வாங்கக்கூடாது, வாங்கினால் வாங்கிய தொகையைப்போல் பத்து மடங்கு வரை தண்டம் என்கிறது. பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக்கூடாது. மீறினால் முதன்முறை 25,000 ரூபாய், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் என்கிறது.

ஆகா, எத்தனை அழகான சட்டங்கள்! ஆனால் மூன்று வயதுக் குழந்தையை நாற்காலியிலே உட்கார வைத்து, "இது என்ன நிறம், அது என்ன விலங்கு" என்று ஆங்கிலத்திலே கேட்பது நின்றதா? தந்தை என்ன படித்தார், தாய் என்ன படித்தாள் என்று கேட்பது நின்றதா? குழு வரையறுத்த கட்டணத்துக்கு ஒரு சீட்டு. மேலே வாங்கியதற்குச் சீட்டே இல்லாமை, அல்லது வளர்ச்சி நிதி, கலைப் பயிற்சி, கணிப்பொறி வகுப்பு என்று வேறு பெயர். கேட்கலாமே என்றால், கேட்ட பெற்றோரின் பிள்ளை அந்த வகுப்பறையிலேதானே நாள் முழுதும் உட்கார்ந்திருக்க வேண்டும்? பிணைக்கைதியை உள்ளே வைத்துவிட்டு வெளியே நின்று சட்டம் பேச எந்தத் தாய் துணிவாள்?

தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பிலே நூற்றுக்கு 25 இடம் ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 2012இலே உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது; அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளை விலக்கிவிட்டது. ஏழைப் பிள்ளைகள் பலர் அவ்வழியே உள்ளே நுழைந்தனர். அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், இடம் குறைவு, கேட்போர் மிகுதி என்றதும் குலுக்கல்! உரிமை என்றார்கள், பானையிலே சீட்டைப் போட்டுக் குலுக்குகிறார்கள். 2025ஆம் ஆண்டிலே என்ன நடந்தது? ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. மாநிலத்திலே சேர்க்கை உரிய காலத்திலே தொடங்கவில்லை. வழக்கு மன்றம் வரை சென்று, நிதி வந்து, அக்டோபரிலேதான் தொடங்கியது. சூனிலே பள்ளி திறக்கிறது, அக்டோபரிலே கதவு திறக்கிறது! இடையிலே தவித்த பெற்றோர் எந்தக் கடனைப் புரட்டி எந்தக் கட்டணத்தைக் கட்டினரோ! பிறர் கட்டிய கொட்டகையிலே நமக்கு ஒதுக்கிய ஓரத்தை நம்பிக்கொண்டிருந்தால் இதுதான் நேரும்.

* * *

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். அந்த விளக்கடியிலே அரசினர் பள்ளியின் பெயர் ஏன் எழவில்லை?

"அங்கே ஆங்கிலம் இல்லை" என்கின்றனர். 2012–13 முதல் அரசுப் பள்ளிகள் பலவற்றிலே ஆங்கில வழிப் பிரிவுகளே திறக்கப்பட்டுவிட்டன. ஆங்கிலத்தை ஒரு மொழியாகச் செம்மையாகக் கற்பது வேறு, புரியாத மொழியிலே அறிவியலை உருப்போடுவது வேறு என்பதை உணர்த்த வேண்டிய கடமை இன்னும் நமக்கு மிச்சமிருக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரியது.

"அங்கே தரம் இல்லை" என்கின்றனர். 2008இலே நிலவுக்குச் சென்ற சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை எந்தப் பள்ளியிலே படித்தார்? இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக விளங்கிய சிவன் எங்கே படித்தார்? 2023இலே ஞாயிற்றை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் சாஜி எங்கே படித்தார்? கோதவாடியிலும் மேலச்சரக்கல்விளையிலும் செங்கோட்டையிலும் இருந்த அரசுப் பள்ளிகளிலே! அடுக்குமாடிப் பள்ளி அனுப்பிய கலமல்ல அது. மரத்தடியும் ஓட்டுக்கூரையும் அனுப்பிய கலம்.

இவை வாயாலே சொல்லும் காரணங்கள். வாயாலே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. "அங்கே யார் யாருடைய பிள்ளைகளோ வருகின்றன!"

தோழர்களே, நோயின் வேர் இதுதான். நம் பிள்ளை யாரோடு உட்காருகிறது என்பது நாட்டின் பழைய கேள்வி. அன்று அதற்கு விடையாகச் சாதி இருந்தது. சேரிப் பிள்ளை பள்ளித் திண்ணையிலும் ஏறக்கூடாது என்றது. இன்று சட்டம் சாதியின் வாயை மூடிவிட்டது. எனவே அது கட்டணத்தின் வாயாலே பேசுகிறது. எவராலே கட்ட முடியாதோ அவர் பிள்ளை என் பிள்ளையோடு உட்காராது என்பதுதான் கட்டணச் சீட்டிலே எழுதப்படாத வரி. பத்தாயிரம் கட்டுபவன் ஐயாயிரம் கட்டுபவனிடமிருந்து விலகுகிறான். இலட்சம் கட்டுபவன் பத்தாயிரம் கட்டுபவனிடமிருந்து விலகுகிறான். ஐயாயிரமும் கட்ட முடியாதவன் அரசுப் பள்ளியிலே நிற்கிறான். படிக்கட்டு எத்தனை பழமையானது, பார்த்தீர்களா! மேலே ஒருவன், கீழே ஒருவன். கீழே இருப்பவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் இருந்தால் ஆறுதல்.

1953இலே ஒரு திட்டம் வந்தது. பள்ளி அரை நாள். எஞ்சிய நேரத்திலே அப்பன் செய்யும் தொழிலைப் பிள்ளை பழகவேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுக் கொதித்தெழுந்தது தமிழகம். திட்டத்தைக் கொண்டுவந்த ஆச்சாரியார் பதவி விலகினார். 1954இலே திட்டமும் வீழ்ந்தது. அந்த வெற்றியை ஆண்டுதோறும் மேடையிலே பேசுகிறோம், கைதட்டுகிறோம். ஆனால் இன்று நடப்பது என்ன? அப்பனின் தொழில் எது என்று கேட்கவில்லை. அப்பனின் ஊதியம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதற்கு ஏற்ற பள்ளி, அதற்கு ஏற்ற படிப்பு, அதற்கு ஏற்ற வேலை. அப்பன் எந்த இடத்திலே நிற்கிறானோ அந்த இடத்திலேயே பிள்ளையும் நிற்கும். குலக்கல்வியை முன்வாயிலிலே விரட்டினோம். பின்வாயில் வழியே பணக்கல்வி வந்து நடுக்கூடத்திலே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டது!

* * *

இந்த மண்ணிலே பொதுப்பள்ளி எவ்வாறு எழுந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1894இலே, அயோத்திதாசப் பண்டிதர் போன்றோர் எழுப்பிய குரல் முழங்கிய காலத்திலே, கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பக்கம் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். தென்சென்னையின் பெசன்ட் நகரிலே அந்தப் பள்ளி இன்றும் கட்டணமின்றி நடக்கிறது. மனை விலை வானைத் தொடும் வட்டாரத்திலே கட்டணமில்லாப் பள்ளி! 1920இலே, சென்னை மாநகராட்சியின் தலைமையிலே பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரப்பட்டது. 1956இலே காமராசர் ஆட்சி அதனை நாடெங்கும் விரித்தது. 1982இலே சத்துணவு ஆயிற்று. 2022இலே காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவக் கல்லூரிகளிலே அரசுப் பள்ளி மாணவர்க்கு நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கப்பட்டது.

இத்தனையும் எவர் தந்த பிச்சையும் அல்ல, போராடிப் பெற்றவை. நூறாண்டு கட்டிய வீடு. அந்த வீட்டை விட்டு வெளியேறி, அடுத்தவன் விடுதியிலே வாடகைக்கு அறை தேடுகிறோம். வாடகை மிகுதி என்று புலம்பவும் செய்கிறோம்.

வீட்டிலே குறையே இல்லையா? இருக்கிறது, மறைக்கவில்லை. கழிப்பிடம் இருக்கும், தண்ணீர் இராது. ஆசிரியர் இடம் இருக்கும், ஆசிரியர் இரார். இருக்கும் ஆசிரியரையும் கணக்கெடுப்புக்கும் தேர்தல் வேலைக்கும் அழைத்துப் போவர். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளே, நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளே இருக்கவேண்டும். இல்லாத இடத்திலே மூன்றாண்டுக்குள் கட்டவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் கூறின. அந்த மூன்றாண்டு 2013 மார்ச்சோடு முடிந்துவிட்டது. நேற்று ஏரிக்கரையாக இருந்து இன்று ஆயிரம் வீடுகள் எழுந்த புறநகர்ப் பகுதிகளிலே, வீட்டுமனைக்கு ஒப்புதல் தந்த கைகள் பள்ளிக்கு மனை ஒதுக்கினவா? ஒவ்வொரு வட்டத்திலும் இதனைக் கேட்கவேண்டும்.

ஆனால் கேட்பது யார்? கேட்கும் வாயுள்ளவன், எழுதத் தெரிந்தவன், அதிகாரியின் மேசை முன் நிற்கும் துணிவுள்ளவன் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போய்விட்டான். எஞ்சியவன் நாள்கூலிக்காரன், அவன் ஒரு நாள் மனுவோடு அலைந்தால் அன்று அடுப்பெரியாது. வாயுள்ளவன் வெளியேறினான், அதனாலே பள்ளி நலிந்தது. பள்ளி நலிந்தது, அதனாலே வெளியேறினேன் என்கிறான் வாயுள்ளவன். செக்குமாடு சுற்றுவதுபோல் சுற்றுகிறது இந்த வழக்கு. எங்கோ ஓரிடத்திலே மாட்டை நிறுத்தியாக வேண்டும்.

1964இலே அமைக்கப்பட்ட கோத்தாரிக் குழு அன்றே வழி கூறியது: எல்லார்க்கும் பொதுப்பள்ளி, அருகமைப் பள்ளி. ஏடு ஏட்டளவிலே நின்றது. பின்லாந்து நாட்டிலே அடிப்படைக் கல்விக்குக் கட்டணம் என்பதே கிடையாது. தனியார் நடத்தினாலும் கட்டணம் வாங்க முடியாது. அமைச்சரின் பிள்ளையும் பேருந்து ஓட்டுநரின் பிள்ளையும் ஒரே வாயிலில் நுழைய அங்கே தடையில்லை. இங்கே 2015 ஆகஸ்டிலே அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு எழுதியது: அரசிடம் ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியிலேயே சேர்க்கவேண்டும் என்றது. நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒரே கோடை விடுமுறையிலே எல்லாக் கழிப்பிடத்துக்கும் தண்ணீர் வந்திருக்கும்!

* * *

இனி நம்மிடம் வருவோம். ஆம், நம்மிடம்தான்.

கறுப்புச் சட்டை அணிகிறோம், சாதி ஒழிக என்று முழங்குகிறோம், தமிழ் வாழ்க என்று சுவரிலே எழுதுகிறோம். எழுதி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு நம் பிள்ளையின் கட்டணத்தைக் கட்ட எந்தப் பள்ளியின் வரிசையிலே நிற்கிறோம்? கட்சி வேறுபாடின்றி அரசியலாளர் பலர் பள்ளி உரிமையாளராக விளங்குவது ஊரறிந்த செய்தி. மேடையிலே சமநீதி, அலுவலக அறையிலே கட்டணச் சீட்டு! அவர்களைக் கேட்கும் தகுதி நமக்கு வரவேண்டுமானால், முதலில் நம் கை கறைபடாதிருக்க வேண்டும். கோயிலுக்குப் போகாதே என்று பிறர்க்குச் சொல்லிவிட்டு இருட்டிலே திருநீறு பூசுபவனை நாம் என்னென்று கூறுவோம்? பொதுக்கல்வியைப் போற்றிப் பேசிவிட்டுத் தன் பிள்ளைக்குத் தனி வாயில் தேடுபவனும் அந்த இனந்தான்.

செய்யவேண்டியவை தெளிவானவை. தனியார் பள்ளியிலே பிள்ளை இருந்தால், குழு வரையறுத்த கட்டணம் எவ்வளவு என்று கேட்டறியுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்டால் பிள்ளையைக் காட்டி அச்சுறுத்துவர். இருபது பெற்றோர் சேர்ந்து கேட்டால் அச்சுறுத்த முடியாது. அங்கே பணியாற்றும் ஆசிரியரைப் பகையாகக் கருதாதீர்கள். நீங்கள் கட்டும் பணம் அவர் கைக்குப் போகவில்லை. உங்களைச் சுரண்டும் கைதான் அவரையும் சுரண்டுகிறது.

பிள்ளையை இனிச் சேர்க்கப்போகும் இளந்தோழர்களுக்கு நம் வேண்டுகோள் வேறு. பத்துப் பேர் சேருங்கள். ஒரே தெருவிலே, ஒரே வட்டத்திலே உள்ள பத்துக் குடும்பங்கள். ஒரே நாளிலே அருகிலுள்ள அரசினர் பள்ளியிலே உங்கள் பிள்ளைகளைச் சேருங்கள். ஒருவர் சேர்த்தால் அது ஈகம். பத்துப் பேர் சேர்த்தால் அது ஆற்றல். பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டம் ஒரு கருவியைக் கையிலே தந்திருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. 2022இலே தமிழ்நாடெங்கும் அந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அந்தக் குழுவிலே உட்காருங்கள். தொடக்க வகுப்புகளிலே 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற விதியைக் கையிலே பிடித்துக்கொண்டு ஆசிரியரைக் கேளுங்கள், கழிப்பிடத்தைக் கேளுங்கள், நூலகத்தைக் கேளுங்கள். மாநகராட்சி உறுப்பினரைக் கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். வாக்குக் கேட்டு வரும்போது, "உங்கள் பேரப்பிள்ளை எங்கே படிக்கிறது?" என்று அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

எளிதென்று சொல்லவில்லை. உறவினர் நகைப்பர். "படித்த நீயுமா?" என்பர். பக்கத்து வீட்டார் பரிவு காட்டுவர், பணமில்லை போலும் என்று. தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். தாலியில்லாத் திருமணம் செய்தபோது நகைக்கவில்லையா? சாதி கடந்து மணந்தபோது பழிக்கவில்லையா? அந்த நகைப்பையெல்லாம் தாங்கிய தோள்களுக்கு இது சுமையா?

மறுபடியும் அந்த விளக்கடிக்கு வாருங்கள். மூன்று விண்ணப்பத் தாள்கள் விரிந்து கிடக்கின்றன. தந்தை தலையிலே கை வைத்திருக்கிறார். தாய் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாள். உள்ளே உறங்குகிறது பிள்ளை. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், தோழர்களே! உள்ளே சென்று அமருங்கள். "நாளைக் காலை நான்கு தெரு தள்ளியுள்ள பள்ளியிலே எங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போகிறோம். உங்கள் பிள்ளையும் வரட்டும். குறையிருந்தால் சேர்ந்து கேட்போம்" என்று கூறுங்கள்.

ஆனால் தட்டுமுன் ஒரு கணம் நின்று எண்ணுங்கள். "எங்கள் பிள்ளையை" என்னும் அந்தச் சொல் உண்மையாக இருக்கவேண்டும். அது உண்மையாக இருந்தால் கதவு திறக்கும்.